முக்குளிப்பான் முட்டையின் நிறம்

பூங்கா ஏரியில் பாசி அள்ளும் வேலை எனக்கு. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கரையோரத்துப் பாசியையும் கோரையையும் அரிந்து கூடையில் போட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஏரிக்குப் பின்னால் இருந்த தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. தோல் ஊறிக் கழிந்த ஆவாரம்பட்டைத் தண்ணீர் ஏரிப் பக்கம் போகாதபடி மடைப் பலகையை அடைத்துக் காப்பது அவர் பொறுப்பு. அங்கே அது மதிப்பான வேலை. தோலின் மயிர் கழிக்கும் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவர்களுக்குக் காலெல்லாம் புண். இவருக்குக் கால் நனையாது.

மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார அம்மா ஒருவர் சாயங்காலம் தோறும் தூரக்கண்ணாடியோடு பறவை பார்க்க வருவார். எந்தப் பறவை எந்தக் கோரையில் ஒளியும் என்று காட்டுவது நான்தான். அதில் எனக்குப் பெருமை, இல்லை என்று சொல்ல மாட்டேன். மிதக்கும் பாசி மேல் முக்குளிப்பான் கூடு வைத்ததையும் நானே முதலில் கண்டேன். நாலு முட்டை, நல்ல வெள்ளை. அந்த இடத்துப் பாசியை மட்டும் அள்ளாமல் விட்டேன். கூட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் அந்தப் பறவை ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். அதையும் பார்த்தேன். பார்த்து என்ன?

பத்து நாள் கழித்துப் பாசியை விலக்கிப் பார்த்தால் நாலு முட்டையும் பழுப்பு. பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்த தோலின் நிறம். வேறு எதுவும் என் புத்தியில் ஏறவில்லை.

"இவை எப்படி நிறம் மாறின, அம்மா?" என்று வெள்ளைக்கார அம்மா வேதப்புத்தகத் தமிழில் கேட்டார்.

"பட்டைத் தண்ணி எறங்குதும்மா. ஷாப்புக்காரங்க தொறந்து வுட்றாங்க. முட்டை கெட்டுப்போச்சு."

"நிச்சயமாகவா?"

"தோல் ஊர்ல பொறந்தவளுக்குத் தெரியாதா?"

வீட்டில் நான் எதுவும் கேட்கவில்லை. ஷாப்பு மேஸ்திரி சொல்லியிருப்பான், இவர் திறந்திருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த அம்மா முனிசிபாலிட்டிக்கு எழுதிவிட்டார். ஷாப்புக்கு ஆட்கள் வந்து விசாரித்தார்கள். முதலாளி கத்தினார். மேஸ்திரி பழியைப் பலகைக்காரர் மேல் தள்ளிவிட்டான். நடுப்பகலில் என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எவனோ மேல சொல்லிட்டான்மே. வேலை போச்சு. நான் பலகையைத் தொடவே இல்ல."

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். ஊதிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் வெள்ளைக்கார அம்மா கரையிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார். தாய்ப் பறவையின் முதுகு இறகுக்குள்ளிருந்து குஞ்சுகள் தலை நீட்டின, நாலும் உயிரோடு. ஈரப் பாசி பட்டு இந்தப் பறவையின் முட்டை பழுப்பாவது வழக்கம்தானாம், புத்தகத்தில் பார்த்தாராம்.

"நாம் இருவருமே தவறு செய்துவிட்டோம்!" என்று சிரித்தார்.

வேலை போனது யாருக்கு என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். முதலாளிக்குக் கடிதம் தருகிறேன் என்றார்.

"சொன்னது நான். நானே போறேம்மா."

ஷாப்பு முற்றத்தில் ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க மேஸ்திரி வரவேற்றான்: "இன்னா, டாக்டரம்மா! முட்டைக்கு வைத்தியம் பாக்க வந்தியா?"

சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

"தப்பு என்னுது. அவரு பலகையைத் தொறக்கல. வேலையைத் திருப்பிக் குடுங்க."

"பலகைக்கு என் மச்சானைப் போட்டாச்சு. சுண்ணாம்புக் குழியில ஒரு ஆளு கம்மி. எறங்குறாரா, கேட்டுப் பாரு."

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"பட்டைத் தண்ணி எறங்கியிருந்தா மொதல்ல மீனு செத்து மெதந்திருக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருக்கலாம்" என்றேன்.

மறுநாள் அவர் குழியில் இறங்கினார். ஒரு வாரத்தில் கால் விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. விளக்கெண்ணெய் தடவப் போனேன். காலை இழுத்துக்கொண்டு, கிண்ணத்தை வாங்கித் தானே தடவிக்கொண்டார்.

சாயங்காலங்களில் வெள்ளைக்கார அம்மா தூரக்கண்ணாடியை நீட்டிக் கூப்பிடுவார். வேலை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு, கூடையோடு எதிர்க்கரைக்குப் போய்விடுவேன்.