முடுக்காமல் விட்ட ஐந்து நட்டுகள்

தருமபுரியை விட்டு சேலம் ரோட்டில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு துணிப்பை. எழுபத்தொன்றாம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. டீ குடித்துவிட்டு வருவதாக மெக்கானிக் பட்டறை முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓடிவந்திருந்தேன். கை காட்டியும் எந்த லாரியும் நிற்கவில்லை. அதே ரோட்டில் எனக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி போயிருந்தது. அதன் பின்சக்கரம் எந்த நேரமும் கழன்று விழலாம். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடியார்களே, எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஊர் ஊராகச் சுற்றிக் கிடைத்த வேலையைச் செய்வேன். பிடிக்காவிட்டால் சொல்லாமல் கிளம்பிவிடுவேன். அந்தப் பட்டறையில் நாலு மாதம் ஆகியிருந்தது.

பூஜையன்று மத்தியானம் மாணிக்கம் என்ற டிரைவரின் பிக்கப்புக்கு வலது பின்சக்கரத்தை மாட்டினேன். ஜாக்கியில் தூக்கி வைத்து ஐந்து நட்டையும் கையால் திருகினேன். வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் அழுந்திய பிறகு ஸ்பேனர் போட்டு முடுக்க வேண்டும். இறக்கிவிட்டுப் பார்த்தால் ஸ்பேனர் இல்லை. வண்டியோடு வந்த ஸ்பேனர் உட்பட எல்லாச் சாமானும் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால் இருந்தன.

எடுக்கப் போனேன்.

"டேய், பூஜையில வெச்சதத் தொடாத. காலைல மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும்" என்றார் முதலாளி.

நட்டு இன்னும் முடுக்கலைங்க. மூன்றே வார்த்தை. நான் சொல்லவில்லை. இவ்வளவு நேரம் என்ன பண்ணினாய் என்று திட்டுவாரே என்ற பயம். காலையில் முடுக்கிக்கொள்ளலாம் என்று பொரியை வாங்கிக்கொண்டு போய்விட்டேன். பஸ் ஸ்டாண்டில் படுத்தவன் விடிந்தும் தூங்கினேன். திரும்பி வந்தபோது வண்டி இல்லை.

"மறுபூஜை முடிஞ்சதும் மாணிக்கம் கிளம்பிட்டான். பொண்டாட்டி கொழந்தையோட சேலத்துக்கு, மாமியா வூட்டுக்கு" என்றார் முதலாளி.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நடக்க நடக்க தொப்பூர் மலைச்சாலை இறக்கம்தான் கண்ணில் நின்றது. அந்தக் குழந்தையை முந்தின நாள் பார்த்திருந்தேன். ஹாரனை விடமாட்டேன் என்று அழுதது. ஒரு சமயம் வேலையில்லாமல் பட்டினி கிடந்தபோது தீர்த்தமலைக் கோயிலில் எனக்குப் படுக்க இடமும் சோறும் கிடைத்தன. அந்த ஈசனைத்தான் கூப்பிட்டேன். "ஈசா, வண்டியை நிறுத்து. எப்படியாவது நிறுத்து. நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்." நடந்தபடியே அழுதேன்.

நல்லம்பள்ளி தாண்டி, ஒரு புளியமரத்தடியில் பிக்கப் நின்றுகொண்டிருந்தது.

நிழலில் குழந்தையோடு மாணிக்கத்தின் மனைவி. பக்கத்தில் மகளை அழைத்துப் போக வந்த பெரியவர். கேட்காமலே புலம்பினார்.

"நல்ல நாளும் அதுவுமா ஃபேன் பெல்ட்டு அறுந்துபோச்சுங்க. ரெண்டு மணி நேரமா குந்தியிருக்கோம். மாப்ள பெல்ட்டு வாங்க டவுனுக்குப் போயிருக்கார். பூஜை பண்ண லட்சணத்தப் பாருங்க!"

இரண்டு மணி நேரம். அப்படியானால் நான் வேண்டத் தொடங்குவதற்கு முன்பே ஈசன் வண்டியை நிறுத்திவிட்டான்.

சக்கரத்தைப் பார்த்தேன். இரண்டு நட்டு இல்லை. மற்ற மூன்றும் விரலால் தொட்டாலே சுழன்றன. ஸ்பேனர் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. முடுக்கிவிட்டு நடையைக் கட்டலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் சொன்னது. அந்த நினைப்பு வந்ததற்கே இன்றும் வெட்கப்படுகிறேன்.

மாணிக்கம் பஸ்ஸில் வந்து இறங்கியதும் சொல்லிவிட்டேன். கன்னத்தில் அறைந்தார்.

"வாய மூடிக்கிட்டு இருந்தியேடா பாவி! புள்ளைய ஏத்தியிருக்கேன்டா!"

பெரியவர்தான் இழுத்துப் பிடித்தார். "அடிச்சது போதும் மாப்ள. மொதல்ல நட்டப் போடச் சொல்லுங்க."

வலது முன்சக்கரத்திலிருந்து ஒரு நட்டைக் கழற்றி, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இதில் போட்டேன். அதற்கு நாலு, இதற்கு நாலு. ஒன்றை முடுக்கியதும் பக்கத்து நட்டுக்குப் போகாமல் எதிர் நட்டுக்குப் போனேன். அப்போதுதான் சக்கரம் கோணாமல் உட்காரும். இறக்கி வைத்து மறுபடி முடுக்கினேன். மாணிக்கம் புது பெல்ட்டை மாட்டினார்.

"நீயும் ஏறுடா. கழண்டா உனக்கும் சேத்துத்தான்" என்றார் மாணிக்கம். ஏறினேன். இறக்கம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டேன். கீழே வந்ததும் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை ஸ்பேனர் போட்டேன். நாலு நட்டும் இன்னும் கொஞ்சம் திரும்பின. தொலைந்த இரண்டு நட்டின் விலையை மாணிக்கம் கேட்கவில்லை. என்னை அங்கேயே இறக்கிவிட்டார். குழந்தை மட்டும் கையை ஆட்டியது.

எனக்கு அருள் கிடைத்தது என்று சொல்ல நா கூசுகிறது. அந்தக் குழந்தைக்குக் கிடைத்த அருளில் நானும் பிழைத்தேன். முதலாளி முகத்தில் விழிக்க இன்றுவரை தைரியம் வரவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். சொல்லாத வார்த்தை ஏதாவது உங்கள் நெஞ்சில் இருந்தால் ஈசனிடம் கொட்டுங்கள். அவன் உங்களுக்கு முன்பே போய் நிற்பான். ஆனால் சொல்ல வேண்டியவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை தொப்பூரில் ஒரு பஞ்சர் கடையில் வேலை கேட்டுச் சேர்ந்தேன். முதலில் வந்த வண்டிக்காரர் சக்கரம் மாட்டி முடிப்பதற்குள் அவசரப்பட்டார்.

"போதும் வுடுப்பா, நேரமாச்சு."

"இன்னும் முடுக்கலைங்க" என்றேன். "இறக்கி வெச்சு முடுக்கணும். அப்புறம் போங்க."