தெப்பமாகாத படகு

மகன் கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது ஒரு பொன்டூன் படகு. நீளமான இரண்டு அலுமினியக் குழல்களின் மேல் ஒரு தட்டைத் தளம், சுற்றிவரக் கம்பி, பின்னால் ஒரு மோட்டர். படகு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். உண்மையில் மிதக்கும் விறாந்தை. லண்டனின் மேற்கு ஓரத்தில், சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டான ஏரியொன்றில் அது கட்டிக் கிடந்தது. விற்கலாம் என்று பார்த்தேன். வந்தவர்கள் எல்லோரும் குழலைச் சப்பாத்துக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆகவே தருமத்துக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தேன். பெருந்தன்மை என்பது பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தெற்கு லண்டனின் சட்டன் பகுதியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தமிழ்நாட்டுக்காரர் இருக்கிறார். வங்கியில் கணினிப் பிரிவை நடத்தியவர். பக்கவாதம் வந்த நாளிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். அதே ஏரியில் சக்கர நாற்காலிக்காரர்களைப் படகில் கூட்டிச்செல்லும் ஒரு சிறிய தொண்டு அமைப்பு உண்டு. அதில் இவர் பெயர் கொடுத்திருந்தார். இவருடைய முறை வருமுன்னரே அவர்களுடைய பழைய படகு பாதுகாப்புப் பரிசோதனையில் தேறாமல் போய்விட்டது.

"ஒரே ஒரு தடவை தண்ணிக்கு நடுவுல போய் நிக்கணும் சார். கரையில இருந்து பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு," என்றார் என்னிடம்.

எங்கள் படகின் தளம் தட்டை. நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றலாம். நான் வாக்குக் கொடுத்தேன்.

கவுன்சிலில் உரிமம் வழங்கும் பிரிவிலேயே உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் நான். முதலில் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் கைமாற்றம் என்று அந்த அமைப்புக்கு நானே விளக்கினேன். பரிசோதகருக்காகக் காத்திருந்த இடைவெளியில் என் மனைவி கோயிலில் யாரிடமோ படகைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் கோயில் செயலாளர் வந்தார். பின்னால் நிர்வாகசபையினர் இருவர். ஒருவர் கையில் பழத்தட்டு, மற்றவர் கையில் பொன்னாடை.

"அண்ணை, தெப்பத் திருவிழா செய்ய ஒரு தெப்பம் இல்லையெண்டு அம்பாள் இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டிருந்தவ. அக்கா சொன்னவ, உங்களிட்ட ஒண்டு இருக்காம்."

"அதை வேறை ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன், தம்பி."

"ஓம் ஓம், அதைப் பிறகு கதைப்பம்," என்றபடியே பொன்னாடையை உதறி என் தோளில் போர்த்தினார்.

எங்கள் சனத்தில் பொன்னாடையைத் தட்டிவிடுவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். மதுக்கடை உரிமம் கேட்டு வந்தவர்கள் நீட்டிய போத்தல்களையெல்லாம் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுத்தவன், ஒரு சரிகைத் துணிக்குக் கைகூப்பிக்கொண்டு நின்றேன். படம் எடுத்தார்கள். இருட்டுமுன் அந்தப் படம் லண்டன் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் ஓடியது. கீழே 'தெப்பம் உபயம்' என்று போட்டு என் பெயர்.

அடுத்த நாள் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, நான் படகைத் தரேல்லை."

"பொன்னாடையை வாங்கினீங்கள்தானே?"

"நீர் போர்த்தினீர். நான் வாங்கேல்லை."

"படத்தில சிரிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறியள்?"

அது சிரிப்பல்ல. என் பல்செட் அப்படித்தான் நிற்கும். அதை அவரிடம் சொல்ல விரும்பாமல், படகுக்குக் காப்புறுதி யார் எடுப்பது, ஏரிச் சொந்தக்காரரின் அனுமதி எங்கே, தீபாராதனையில் தளம் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

"என்னண்ணை, அம்பாளிட்ட லைசென்ஸ் கேக்கிறியளோ?"

"அம்பாளுக்கு வேண்டாம். ஓட்டிறவருக்கு வேணும்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். இந்த நாட்டுச் சட்டப்படி வாயால் சொன்ன அன்பளிப்பு செல்லாது. பொருளைக் கையளிக்க வேண்டும், அல்லது பத்திரம் எழுத வேண்டும். நானோ கோயிலுக்கு வாயாலும் சொல்லவில்லை. பரிசோதகர் வந்து பார்த்து, படகு தேறியது என்று சான்று தந்த அன்றே கைமாற்றப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, மோட்டரைக் கிளப்பும் திறப்பைத் தொண்டு அமைப்பிடம் கொடுத்தேன். பொன்னாடையைப் பதிவுத் தபாலில் கோயிலுக்குத் திருப்பி அனுப்பினேன்.

"இஞ்சேருங்கோ, இனி நான் எந்த முகத்தோட கோயில் வாசலை மிதிக்கிறது?" என்றாள் மனைவி.

"உம்மட முகத்தோடதான். பொன்னாடை போர்த்தினது எனக்கு."

அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். குழுக்களில் நான் சாமி சொத்தைப் பறித்தவன் ஆனேன். கிழக்கு லண்டன்வரை போய் மரக்கறி வாங்கினாலும், கடையில் யாராவது என்னைக் கண்டு குரலைத் தாழ்த்தினார்கள். எனக்கு அதனால் நட்டமில்லை. அவர்கள் உரத்துப் பேசியபோதும் கேட்கத்தக்கதாக எதுவும் இருந்ததில்லை.

படகின் முதல் ஓட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரை நானே காரில் கூட்டிப் போனேன். நல்ல வெயில். துறையிலிருந்து படகுக்குச் சாய்பலகை போட்டார்கள். ஒவ்வொரு நாற்காலியாக உருண்டு ஏறியது. இவர் முறை வந்தபோது பிரேக்கைப் போட்டார்.

"நான் வரலை சார்."

"என்ன?"

"அந்தப் போட்டோவை நானும் பார்த்தேன். சாமிக்குன்னு போர்த்திட்டாங்க."

"எனக்குத்தானே போர்த்தினவங்கள்! படகுக்கு இல்லையே!"

"உங்களுக்குக் கால் ரெண்டும் நல்லா இருக்கு, நீங்க வாதாடலாம். எனக்கு இன்னொரு தடவை ஏதாவது வந்தா, ராத்திரி பூரா நான் எதை நினைச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்?"

அன்பளிப்புச் சட்டத்தை அவருக்கு முழுவதுமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். "ஆமா சார், நீங்க சொல்றதெல்லாம் சரிதான்," என்றார். பிரேக் விழுந்தபடியே இருந்தது.

படகு அவரில்லாமல் புறப்பட்டது. செயலாளர்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் எனக்கு இவர்மேல் வந்தது. மனைவியின் பேச்சையும் ஊரின் மரியாதையையும் இவருக்காகத்தான் இழந்திருந்தேன். இவரோ கரையில் இருந்துகொண்டு படகையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியின் நடுவில் அது நின்றது.

"மோட்டரை ஆஃப் பண்ணிட்டாங்க பாருங்க. அங்க ரொம்ப அமைதியா இருக்கும், இல்ல சார்?"

"ஏறியிருந்தால் தெரிஞ்சிருக்கும்," என்று எரிந்து விழுந்தேன்.

அவர் குனிந்து, பிரேக்கை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.