கேன்டீனுக்கு மீட்டரைக் கொண்டுபோன நாள்

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் வால்வுக்கான காஸ்டிங் ஊற்றும் ஒரு ஃபவுண்டரியில், ரேடியோகிராஃபி பிரிவில் சேர்ந்தேன். இரிடியம் என்ற கதிரியக்க சோர்ஸை வைத்துக் காஸ்டிங்கைப் படமெடுத்து, உள்ளே ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. தனி டம்ளர்

முதல் வாரமே கேன்டீனில் எனக்கு மட்டும் தனி டம்ளர் வந்தது. கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய ருக்மணியக்கா அதை ஜன்னலோரம் ஒதுக்கி வைத்திருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க அம்மணி. அந்த அணு ரூமுக்குள்ள போய்ட்டு வாரீங்க. ஒட்டிக்கும்னு பயப்படறாங்க.”

“மேடம் இருட்டுல மின்னுவாங்களாமா?” என்றார் மணல் அச்சு செய்யும் மோல்டர் கனகராஜ். எல்லோரும் சிரித்தார்கள். தனி டம்ளருக்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். தலை நிமிராமல் குடித்து, நானே கழுவி வைத்தேன்.

மறுநாள் வரிசையாக விளக்கினேன். அணுவின் நடுவில் கரு, சுற்றிலும் எலக்ட்ரான்கள். எலக்ட்ரான்களை மின்கவர்ச்சி பிடித்திருக்கிறது. கருவுக்குள் புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளினாலும், அதைவிடப் பலமான அணுக்கரு விசை கட்டிப்போடுகிறது. இரிடியம் கருவில் அந்தக் கட்டு நிலையாக இல்லை. அதனால் கதிர் வருகிறது. அந்தக் கதிர் எலக்ட்ரானைத் தட்டிவிடலாம், கருவை மாற்றாது. ஆகவே படமெடுத்த இரும்பிலிருந்தும் கதிர் வராது, என்னிடமிருந்தும் வராது.

“சொன்னா சரியாத்தானுங்க இருக்குது” என்றார் ருக்மணியக்கா. டம்ளர் மட்டும் மாறவில்லை.

2. மீட்டர்

அடுத்த நாள் கதிரை அளக்கும் சர்வே மீட்டரோடு போனேன். டம்ளர், என் கை, துப்பட்டா எல்லாவற்றிலும் காட்டினேன். எங்கும் எப்போதும் கேட்கும் ஓரிரண்டு ‘டிக்’ மட்டும்தான்.

“அட, ஒண்ணுமே இல்லீங்களே!” என்றார் கனகராஜ்.

அத்தோடு அணைத்திருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் மீட்டரை அறை முழுக்கச் சுற்றிக் காட்டினேன். அலமாரி அருகே கடகடவென்று கத்தியது. அங்கே இருந்தது, கரண்ட் போனால் ஏற்றும் காஸ் லைட்டுக்கு வாங்கி வைத்த மேன்டில் என்ற வலைத்திரி பாக்கெட். அந்தக் காலத்து மேன்டிலில் தோரியம் இருக்கும். அதன் கருவும் தானாகச் சிதையும். பாக்கெட்டில் கிடக்கும்வரை பயப்பட ஒன்றுமில்லை.

எனக்கு அது தெரியும். ஆனால் நான் சொன்னது வேறு: “பாருங்க, என்கிட்ட இல்ல! அக்காகிட்டத்தான் இருக்கு!”

கேன்டீனே சிரித்தது. ருக்மணியக்காவும் சிரித்தார்.

3. அதன் பிறகு

மறுநாள் முதல் எல்லோரும் டீ குடிக்க கேட்டுக்கு வெளியே போனார்கள். மேன்டிலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் மீட்டரைப் பிடித்துக் காட்டினேன்.

“அது கத்துனத நாங்களே கேட்டமுங்களே மேடம்” என்றார் கனகராஜ்.

மாதக் கடைசியில் குத்தகை கைமாறியது. டெம்போவில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்த ருக்மணியக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“மெசின் பொய் சொல்லலீங்களே அம்மணி” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதிதாகக் குத்தகை எடுத்தவர், எல்லோருக்கும் தரும் டம்ளரிலேயே எனக்கும் டீ கொடுத்தார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அதைக் கையில் வாங்கக் கூசியது.

மீட்டர் சத்தம் மட்டும்தான் போடும். அது பயப்படவேண்டிய அளவா, இல்லையா என்பதை அளப்பவர்தான் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். அந்த நிமிடத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.