கேட்டவர்க்கெல்லாம் பதில் சொன்ன பெட்டி

"எந்தக் கலந்தர்?" என்று கேட்டுக்கொண்டே சித்தீக் கீபோர்டில் கிடந்த சமோசாத் தூளை ஊதுகிறார். வழி கேட்டு மாடியேறி வந்த வெளியூர்க்காரர் விழிக்கிறார். "சவுதிக் கலந்தரா, ரைஸ்மில் கலந்தரா? ரைஸ்மில்லுன்னா பள்ளிவாசலுக்குப் பின்னாடி வீடு. ஆனா அவரு இப்ப மக வீட்டுல, இங்க பக்கத்துல குத்தாலத்துல இருக்காரு."

குடவாசலில் நாலு தெருவுக்கு இன்டர்நெட் கொடுப்பவர் சித்தீக். துபாயில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். செருப்புக்கடை மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் பைண்ட் என்கிற இலவச மென்பொருள். வெப்சைட் பேரைக் கேட்டால் அதன் நம்பரைச் சொல்வது அதன் வேலை. அது படுத்துவிட்டால் லைன் இருந்தும் ஒன்றும் திறக்காது. அந்த மென்பொருள் எழுதப்பட்ட விதம் முழுக்க உலகம் படிக்கத் திறந்து கிடக்கிறது. ஓட்டை தெரிந்தால் முகம் தெரியாத யாரோ அடைத்து அனுப்புவார்கள். அந்தத் திருத்தம் வந்த அன்றைக்கே சித்தீக் போட்டுவிடுவார். டீ ஆறிப்போகும்.

அத்தனை கவனமானவர் ஒன்றை மட்டும் கட்டவிழ்த்து விட்டிருந்தார். நாலு தெரு என்றில்லை, உலகத்தில் எவர் கேட்டாலும் அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி பதில் சொல்லும். "வந்து கேக்குறவங்கள இல்லன்னு அனுப்புறதா? எங்க அத்தா அப்படிப் பழக்கலீங்க."

போன வருஷம் எவனோ இதைக் கண்டுகொண்டான். வேறொருவர் முகவரியைத் தன்னுடையது போலக் காட்டிச் சின்னக் கேள்விகளாக அனுப்பினான். பெட்டி நீள நீளமான பதில்களை அந்த அப்பாவி தலையில் கொட்டியது. சித்தீக்குக்கு லைன் கொடுக்கும் கம்பெனி, வெள்ளிக்கிழமைக்குள் நிறுத்தாவிட்டால் இணைப்பு கிடையாது என்றது. ஞாயிற்றுக்கிழமை அக்கா மெஹராஜ் பேகத்தின் மகள் நிலோஃபருக்கு நிக்காஹ். பெண்ணின் அத்தாவுக்குச் சவுதியில், தம்மாமில் வேலை; லீவு இல்லை. கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும்.

அக்கா மாடிக்கே வந்துவிட்டார். "ஏண்டா, கண்டவனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு, எம்புள்ள நிக்காஹ ஒம்மச்சான் பாக்கவிடாமப் பண்ணப் போறியா?"

"சின்ன வேலைதாங்க்கா. மனசுதான் வரல."

"மனசு ஒரு ஓரமா இருக்கட்டும். வெரலு வந்தாப் போதும்."

நாலு தெருவுக்கு மட்டும் பதில், மற்றவர்க்கு மறுப்பு என்று சித்தீக் மாற்றினார். நிக்காஹ் நடந்தது. மச்சான் கம்பெனி யூனிஃபார்மிலேயே அழுதார். அன்றிலிருந்து திரையில் 'மறுக்கப்பட்டது' என்ற வரி ஓடிக்கொண்டேயிருக்கிறது. சித்தீக் அந்தத் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

வெளியூர்க்காரர் இன்னும் நிற்கிறார். "குத்தாலத்துல எந்தத் தெருங்க?"

சித்தீக் சொல்ல வாயெடுக்கிறார். அப்புறம் ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பைக் சாவியை எடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு படி இறங்குகிறார்.