பஞ்சு என்ற பெயரில்

லேபில் அவளை எல்லோரும் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி இறங்கியதே தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுகிறாள் என்று ஒரு டாக்டர் விளையாட்டாக வைத்த பெயர், பதினாறு வருடமாக ஒட்டிக்கொண்டது. நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் கைவிட்ட கைகளெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். ரப்பர் பட்டையைக் கட்டி, கண்ணை மூடி, விரல் நுனியால் தடவிப் பார்ப்பாள். "இங்கதான் ஒளிஞ்சிட்டு இருக்கு" என்பாள். இருக்கும்.

ஊசியைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அரை நிமிடத்தில் மனிதர்கள் எதையாவது சொல்லிவிடுவார்கள். மலை மாதிரி இருந்த லாரி டிரைவர் ஒருவர், "கொஞ்சம் எங்கூடப் பேசிட்டே இருங்கம்மா" என்று கெஞ்சினார். ஒரு கணக்கு டீச்சர் பதினேழாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்து, பாதியில் தப்பாகச் சொல்லி, தானே சிரித்துவிட்டார். இதையெல்லாம் மதியச் சாப்பாட்டின்போது பதிவு கவுண்டர் அக்காவிடம் சொல்வாள். அக்கா அவளைவிட எட்டு வயது மூத்தவள். அவளுக்கு லேபின் நெளிவுசுளிவு கற்றுக்கொடுத்தவள், கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவள்.

"இத எங்கிட்ட மட்டும் சொல்லி என்னடி பிரயோஜனம்? எழுது" என்றாள் அக்கா.

அந்த ஊருக்கென்று ஓர் இணையதளம் இருந்தது. தண்ணீர் வராத தெரு, காணாமல் போன பூனை, வாடகை வீடு, எல்லாம் அதில் வரும். உறுப்பினர்கள் சொந்தமாக வலைப்பூவும் தொடங்கலாம். அவளுடைய போன் அரதப்பழசு, அந்தத் தளத்தைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அதனால் அக்காவே தன் போனில், தன் நம்பரைக் கொடுத்துக் கணக்கைத் தொடங்கினாள். நோயாளிகளைப் பற்றி எழுதுவதால் சொந்தப் பெயர் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஊசித் தட்டில் கிடந்த பஞ்சைப் பார்த்து, "பஞ்சுன்னு வைங்கக்கா" என்றாள். அவள் தாளில் எழுதித் தருவாள், அக்கா தட்டச்சு செய்து ஏற்றிவிட்டுத் தாளைத் திருப்பித் தருவாள்.

முதல் பதிவை நாலு பேர் படித்தார்கள். ஆறே மாதத்தில், காத்திருப்போர் வரிசையில் இருந்தவர்களே பஞ்சுவைப் பற்றிப் பேசினார்கள். உள்ளே அவள் டியூபில் பெயர் ஒட்டிக்கொண்டே காதைத் தீட்டிக்கொள்வாள்.

பிறகு 'குதிகால்' என்ற பதிவை எழுதினாள். ஏழாம் மாதத்தில் தங்காமல் போன அவளுடைய குழந்தையைப் பற்றியது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில், முதலில் வந்தது பிறந்து ஒரு நாளான சிசு. அவ்வளவு சின்ன உடம்பில் குதிகாலில்தான் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அந்தக் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி நின்ற நிமிடத்தை எழுதியிருந்தாள். கணவனிடம்கூட அதைச் சொன்னதில்லை. அக்கா படித்து முடித்தாள். "போடட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஊரே அழுதது.

அடுத்த மாதம் அக்கா வந்து சொன்னாள்: "தளத்துக்காரங்க நூலக அரங்கத்துல விழா வைக்கிறாங்களாம். பஞ்சுவ மேடைக்குக் கூப்பிடறாங்க. போனா மூஞ்சி தெரிஞ்சிடும். வரமாட்டாங்கன்னு சொல்லிடறேன்."

"ஆமாக்கா, எனக்கெதுக்கு வம்பு" என்றாள். விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் மாமியாருடன் இருந்தாள்.

திங்கள் காலை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கையை நீட்டினார். ஊசி உள்ளே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தார். "உங்க கவுண்டர்ல இருக்கிற அம்மாதான் பஞ்சுவாமே! நேத்து மேடையில அந்தக் கொழந்தை கதையச் சொல்லி அழுதுட்டாங்க பாருங்க. என் வீட்டுக்காரி ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. பாவம், அவங்களுக்கு இப்படி ஒரு கஷ்டம்."

டியூப் நிறைந்தது. ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்தாள், "அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிச்சுக்கங்க ஐயா" என்றாள். அதற்குப் பிறகுதான் கவுண்டர் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மதியம் டப்பாவைத் திறக்காமல் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மேடைக்குப் போனீங்களா?"

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நீ வரமாட்டேன்னுட்ட. யாராவது ஒருத்தர் போகணுமில்ல?"

"போனது இருக்கட்டும்க்கா. என் கொழந்தைய உங்க கொழந்தைன்னு சொன்னீங்களாமே?"

"நானா சொல்லல. அவங்களா அப்படி நெனச்சுக்கிட்டாங்க. அழுக வந்துருச்சு..." அக்கா நிமிர்ந்தாள். "முப்பது வருஷமா சீட்டு எழுதறேன்டி. ஒருத்தர் எனக்குக் கைதட்டினதில்ல. அதுவுமில்லாம, என்னால நீ எழுதின. என் போன், என் விரல். அதுல எனக்குப் பங்கு இல்லயா?"

"எழுத்துல இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் இவள். "கொழந்தையில எப்படிக்கா பங்கு?"

சண்டை போடத்தான் இவள் வந்திருந்தாள். அந்த நேரத்தில் அக்கா அழுதிருந்தால் மன்னித்திருப்பாளோ என்னவோ. அக்கா டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் பஞ்சுவின் பக்கத்தில் விழாப் படம் ஏறியது. சால்வையும் சிரிப்புமாக அக்கா. கீழே நூற்றுக்கணக்கில் ஆறுதல்கள்.

தளத்துக்காரர்களுக்கு எழுதிப் பார்த்தாள். கணக்கு எந்த நம்பரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. கையெழுத்துத் தாள்களைக் காட்டலாம்தான். ஆனால் காட்டினால் அந்தக் குழந்தை யாருடையது என்று ஊரில் பஞ்சாயத்து நடக்கும். அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

அன்று வேலை முடிந்து வந்ததும், வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த கணவனிடம் 'குதிகால்' எழுதிய தாளை நீட்டினாள். அவன் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். எழுத்துக்கூட்டிப் படிப்பவன் மாதிரி மெதுவாகப் படித்தான். பிறகு முழுக்கதையையும் கேட்டான்.

"அந்தம்மா மேடையில நெஜமாவே அழுதாங்களா?"

"அழுதாங்களாம்."

துணியை மடித்து வைத்தான். "நாம அழவே இல்லயே" என்றான்.

அவள் படியில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவன் ஒரு புதுப் போன் கொண்டுவந்தான். தன் நம்பரில், தன் சொந்தப் பெயரில் வலைப்பூ தொடங்கினாள். முதல் பதிவுக்கு வந்த முதல் கருத்து: 'பஞ்சு மேடம் மாதிரி எழுதப் பார்க்கறீங்க. அந்த ஆழம் வரல.' அதைப் படித்ததும் காது மடல்கள் சுட்டன. அழிக்கலாமா என்று விரல் போனது. அழிக்கவில்லை.

பஞ்சு இப்போதெல்லாம் மழையைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் மூன்று வரி எழுதுகிறாள். அதற்கும் பாராட்டு குவிகிறது. இவளுக்கு இருப்பது பதினோரு வாசகர்கள், அதில் ஒருவன் வெல்டர். கவுண்டருக்கும் ரத்தம் எடுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல்தான். தினமும் அறுபது சீட்டு அதன் வழியாக வருகிறது. அக்கா பெயரையும் எண்ணையும் சொல்கிறாள், இவள் வாங்கிக்கொள்கிறாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.