கழுவிய கை

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை. இரண்டு ஈரக் கைகள்தான் வருகின்றன. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, விரல்கள் மேலே பார்க்க, எதன்மேலும் படாமல் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்த கைகள். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டி சிங்கப்பூரில் எங்கள் புக்கிட் மேரா வீட்டுச் சமையலறைத் தரையை நனைக்கும். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருப்பேன். என் முழங்காலுக்குக் கீழே உதட்டுச் சாயத்தால் ஒரு நீளக் கோடு. அதுதான் புண். நான்தான் நோயாளி. “வலிக்குதாம்மா?” என்று அண்ணி கேட்டால் நான் முனக வேண்டும். சில நாள் சிரித்துவிடுவேன். “நோயாளி சிரிக்கக் கூடாது, மார்க் போயிடும்” என்று அதட்டுவார்.

எழுபதுகளின் பிற்பாதி அது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தேக்காவில் ஒரு துணிக்கடையில் வேலை, அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணன் துறைமுகத்தில் வேலை செய்தார். அண்ணி அரசாங்க ஆஸ்பத்திரியில் உதவித் தாதி. ஸ்டாஃப் நர்ஸ் ஆவதற்கான பரீட்சைக்குத்தான் இவ்வளவு கூத்தும். எழுத்துத் தேர்வை முதல் தடவையே தாண்டிவிட்டார். மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு. பரீட்சை நடத்தும் சிஸ்டருக்கு, அதாவது மூத்த தாதிக்கு, முன்னால் புண்ணைத் துடைத்து மருந்து வைத்துக் கட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. அதற்குமேல் கிடையாது.

அந்தப் பரீட்சை அவருக்கு எதற்கு என்று அண்ணன் பல தடவை கேட்டிருக்கிறார். இந்த ஊரில் வெள்ளைச் சட்டை போட்ட எல்லாத் தாதியும் மிஸ்ஸிதான். மலாய்க்கார அம்மாவும் மிஸ்ஸி என்பார், சீனக் கிழவியும் மிஸ்ஸி என்பார். வீட்டுக்குக் கீழே காப்பிக் கடைக்காரர்கூட அண்ணியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். அப்புறம் என்ன குறைச்சல் என்பது அண்ணனின் கேள்வி. அண்ணி ஒருநாள் பதில் சொன்னார். “வலியில கத்துறவங்க என் கையைத்தான் பிடிக்கிறாங்க. நான் என்ன சொல்றேன் தெரியுமா? இருங்க, பெரிய மிஸ்ஸியைக் கூப்பிடுறேன். இதைச் சொல்லிச் சொல்லி வாய் புண்ணாப் போச்சு. ஒரு தடவையாவது நான் இருக்கேன்னு சொல்லணும்.”

அண்ணிக்குப் பேச்சு கொஞ்சம், வேகம் அதிகம். ஜாலான் புசாரில் ஒரு சாமான் கடையில் இரண்டு எஃகு இடுக்கிகளை வாங்கி வந்தார். இடியாப்பம் அவிக்கிற பானையில் அவற்றைக் கொதிக்க வைப்பார். எவர்சில்வர் தட்டில் பஞ்சு உருண்டைகள் வரிசையாக இருக்கும். ஒரு இடுக்கி சுத்தமான பஞ்சை எடுக்க, மற்றது புண்ணைத் தொட. இது அதைத் தொடக் கூடாது, அது இதைத் தொடக் கூடாது. கையோ எதையுமே தொடக் கூடாது. ஒவ்வொரு வேலையையும் இங்கிலீஷில் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். எனக்கே அது பாடமாகிவிட்டது. துணிக்கடையில் சேலை மடிக்கும்போதுகூட வாய் அதை முணுமுணுக்கும்.

முதல் தடவை போன அன்று அண்ணி நேராக என் கடைக்குத்தான் வந்தார். சீருடையோடு வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். “போச்சு” என்றார். எல்லாம் சரியாகத்தான் செய்தாராம். கை கழுவி முடித்துத் தட்டுப் பக்கம் திரும்பியதும், சிஸ்டர், “நர்ஸ், உங்கள் கை சுத்தமாக இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறார். இவர் “யெஸ், சிஸ்டர்” என்றிருக்கிறார். “நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்” என்றாராம் அந்த அம்மா. இவர் மறுபடியும் “யெஸ், சிஸ்டர்.” அவ்வளவுதான், சிஸ்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஏன் என்று அண்ணிக்குப் புரியவே இல்லை. பஸ் ஏறி வரும்போது வழியில் மாதா கோயில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கோயிலைப் பார்த்ததும் சிலுவை போட்டிருக்கிறார். அண்ணியின் கையும் தானாக நெற்றிக்குப் போயிருக்கிறது. நெற்றியில் கை வைத்தபடியே உறைந்துபோனாராம்.

கை கழுவி முடித்ததும் அண்ணி சிலுவை போட்டிருக்கிறார். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவிய கையால் தலைமுடியையும் சட்டையையும் தொட்டுவிட்டு, அதே கையோடு தட்டுக்குப் போயிருக்கிறார். சிஸ்டர் இரண்டு தடவை வாய்ப்புக் கொடுத்தும், தான் அப்படிச் செய்ததே அவருக்குத் தெரியவில்லை.

தெரியாதுதான். எப்படித் தெரியும்? நாங்கள் வேதக்காரர்கள். சோற்றுக்கு முன்னால் கை கழுவினால் அடுத்தது சிலுவைதான். கழுவுவதும் சிலுவையும் எங்களுக்கு ஒரே வேலை. அழுக்குக் கையால் சிலுவை போட்டால் அண்ணியின் அம்மா புறங்கையில் தட்டுவாராம். வார்டிலும் அண்ணி ஒவ்வொரு நோயாளியிடமும் அப்படித்தான் போவாராம். மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் காலில் உதட்டுச் சாயத்தைத் துடைத்த அத்தனை நாளும் அண்ணி சிலுவை போட்டுவிட்டுத்தான் இடுக்கியை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்கும் அது கண்ணில் படவில்லை. சிஸ்டரைத் திட்ட வேண்டும் என்று மனசு துடித்தது. ஆனால் திட்ட என்ன இருக்கிறது? சீழ் பிடித்த புண்ணுக்கு ஜெபம் தெரியுமா?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சட்டம் மாறியது. முதலில் ஜெபம், பிறகு கை கழுவல். அண்ணி மட்டும் மாறினால் போதாது, கண் பார்த்தால் கை போய்விடும், அதனால் எல்லோரும் மாற வேண்டும் என்றார். அண்ணன் முதல் நாளே தப்புச் செய்தார். கழுவிவிட்டு வந்து நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். அண்ணி ரசக் கரண்டியால் ஒன்று வைத்தார். “அடிப்பாவி, கப்பல்ல மூட்டை தூக்கின கையோட சாமி கும்பிடச் சொல்றியா?” என்று அண்ணன் கத்தினார். “சாமி ஒண்ணும் சொல்லாது. சிஸ்டர்தான் சொல்லுவாங்க” என்றார் அண்ணி. மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த வீட்டில் அப்படி மனசு விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது.

இரண்டாவது தடவை அவர் சிலுவை போடவில்லை. வலது கையைக் கட்டிப் போட்டது மாதிரி வைத்திருந்தாராம். அது நெற்றிக்குப் போகிறதா, போகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டு, புண்ணைத் தொட்ட இடுக்கியால் தட்டிலிருந்த சுத்தமான பஞ்சை எடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னப் பெண்கள்கூடச் செய்யாத தப்பு. இந்தத் தடவை அவர் கடைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும், “உக்காரு, சாப்பிடு” என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். உறைப்பு என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் அழுதோம்.

மூன்றாவது தடவைக்கு முன்னால் பல மாதம் பழகினோம். என் கால் தோல் உதட்டுச் சாயத்தில் சொறி பிடித்தது. அண்ணி ஒரு தப்பும் செய்யவில்லை. முன்னால் போட்டாலும் கழுவியதும் கை மறுபடி கிளம்பிவிடும் என்று, பழகும்போது சிலுவையையே விட்டிருந்தார். கை நெற்றிப் பக்கம் திரும்பவே இல்லை. இடுக்கிகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் தையல்காரரிடம் புதுச் சீருடைக்கு அளவு கொடுக்கட்டுமா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். பரீட்சைக்கு முந்தின நாள் என்னிடம் ஒரு வேலை சொன்னார். “நாளைக்கு நீ லீவு எடு. கோயில்ல போய் உக்காரு. எனக்குப் பதிலா நீ சிலுவை போடு. யாராவது போட்டாகணும் லா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

நான் போனேன். ஆள் இல்லாத கோயிலில் முன் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிலுவை போட்டேன். பூ மாற்ற வந்த அம்மா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். கை வலித்தது. அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்று அண்ணி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதுவும் வெகு நாள் கழித்து, மீன் அலசிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல். கழுவினாராம். நன்றாகக் கழுவினாராம். கையைத் தூக்கிப் பிடித்தாராம். கை எங்கேயும் போகவில்லை. நெற்றிக்கும் போகவில்லை, தட்டுக்கும் போகவில்லை. அடுத்து என்ன என்று தெரியவில்லை. சிலுவை போட்டால்தான் வேலை தொடங்கும், அவருடைய கைக்கு வேறு தொடக்கம் தெரியாது. சொட்டச் சொட்ட அப்படியே நின்றிருக்கிறார். சிஸ்டர் நல்லவர். “அவசரம் இல்லை, நர்ஸ்” என்றாராம். கட்டிலில் படுத்திருந்தவர்கூட, “மிஸ்ஸி, ஆர் யூ ஓக்கே?” என்றாராம். கடைசியில் இவர் சொன்னது, “சாரி, சிஸ்டர்.” கைகள் அப்போதும் மேலேதான் இருந்தனவாம்.

அத்தோடு முடிந்தது. ஓய்வு பெறும்வரை அண்ணி உதவித் தாதிதான். அவர் படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுத்த பெண்கள் ஸ்டாஃப் நர்ஸ் ஆகி அவருக்கே வேலை சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அது இன்னும் மோசம். இடுக்கிகள் அப்பளம் பொரிக்கப் போயின. பரீட்சையைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. அண்ணன் எத்தனையோ வழியில் தேற்றிப் பார்த்தார். ஃபேரர் பார்க் திடலுக்குப் பந்தாட்டம் பார்க்கக் கூட்டிப் போனார், புதுச் சேலை எடுத்துக் கொடுத்தார். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதுவும் உள்ளே இறங்கவில்லை. காலம் போனால் ஆறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆறவில்லை. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். ஆறிவிடும் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது. அண்ணி சிலுவை போடுவதையே விட்டுவிட்டார். ஞாயிறு தவறாமல் தமிழ்ப் பூசைக்கு வருவார். பாட்டுப் பாடுவார், சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்குவார். பிதா, சுதன் என்று கோயிலே கை தூக்கும்போது அவர் கை மட்டும் மடியில் கிடக்கும். ஒரு மாமி என்னை ஓரமாக இழுத்து, “உங்க அண்ணி பெந்தெகோஸ்தேக்காரங்களோட சேர்ந்துட்டாங்களா?” என்று கேட்டார். அவர்கள்தான் சிலுவை போடாதவர்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த மாமி பிறகு என்னோடு பேசவே இல்லை, நல்லதாய்ப் போயிற்று. வீட்டுக்கு வந்து அண்ணியிடம், “சாமியோட சண்டையா அண்ணி?” என்று கேட்டேன். “சண்டை எல்லாம் இல்லம்மா. நான் அதைக் கையிலிருந்து எடுத்துட்டேன். திரும்ப வைக்கத் தெரியல” என்றார்.

அண்ணன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அண்ணி இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். என் பெயர் மறந்துவிட்டது. சில நாள் அண்ணன் எங்கே என்று கேட்பார், சில நாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார். தண்ணீரைக் கண்டால் மட்டும் கை நினைவு வைத்திருக்கிறது. விரல் இடுக்கு, நகக் கண், மணிக்கட்டு, முழங்கை. வரிசை தப்புவதில்லை. கழுவி முடித்து இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கே வேலை செய்கிற பெண்கள் பாவம், பாட்டிக்குக் குளிர்கிறது என்று துண்டால் துடைத்துவிடுவார்கள். அண்ணி மறுபடி முதலிலிருந்து கழுவத் தொடங்குவார்.

போன மாதம் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நான் பங்குச் சாமியாரை, சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தை எண்ணெய் பூச வரச் சொன்னேன். அவர் வந்தபோது அண்ணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாதிப் பெண் கொண்டுவந்த கிண்ணத்துத் தண்ணீரில் அப்போதுதான் கழுவி முடித்திருந்தார். கைகள் நெஞ்சுக்கு முன்னால் நின்றன. சாமியார் தொடங்கினார். பிதா, சுதன். எனக்கு ஓர் ஆசை. கடைசியாக ஒரு தடவை. அண்ணியின் வலது கையை மெல்லப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். அந்த எலும்புக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “தொடாத. கழுவிட்டேன்” என்றார். கிண்ணத்தைக் காட்டினார், மறுபடி கழுவினார், மறுபடி தூக்கிப் பிடித்தார். சாமியார் சின்ன வயசு, பொறுமையான பிள்ளை. “அவசரம் இல்லம்மா” என்றார்.

அண்ணி அவரை ரொம்ப நேரம் பார்த்தார். கைகள் மேலேயே இருந்தன.

“சாரி, சிஸ்டர்” என்றார்.

சாமியார் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் துண்டை எடுத்து, அண்ணியின் முழங்கையிலிருந்து படுக்கையில் சொட்டிய தண்ணீரை மட்டும் ஒற்றினேன். கையைத் தொடவில்லை.