கிடை போட்ட புறவாசல்

போன வாரம் எங்கள் வீட்டுப் புறவாசலில் பிச்சி பூத்தது. எண்ணி ஏழே பூ. அதைக் கையில் ஏந்திக்கொண்டு என் மனைவி அழுதாள். நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன்... காரணம் இருக்கிறது.

மாசி பிறந்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. சித்திரையில் சொந்த வெண்டைக்காய் சாப்பிட வேண்டும்! ஆனால் எங்கள் சங்கரன்கோவில் மண் லேசுப்பட்டதா? மண்வெட்டி பட்டால் 'ணங்' என்கிறது. காட்டுப்பக்கம் என்ன செய்கிறார்கள்? ஆட்டு மந்தையை நிலத்தில் அடைத்துக் கிடை போடுகிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் இறங்கினால் மண்ணுக்கு வேறு உரம் வேண்டாம். அதையே வீட்டில் செய்தால் என்ன?

இளையரசனேந்தல் பக்கமிருந்து மந்தை ஓட்டி வந்திருந்த சுடலைமுத்துவிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுல கெடை போடச் சொன்ன ஆளை இன்னைக்குத்தான் சார் பாக்கேன். சரி, இருவது உருப்படி அடைக்கேன். நாலு வெள்ளாடும் கூட வரும். செம்மறி குனிஞ்சுதான் மேயும். வெள்ளாடு பின்னங்காலை ஊனி எந்திரிச்சிரும். செடி கிடி இருந்தா மறைச்சு வைங்க."

"அங்கே ஒன்றும் கிடையாது" என்றேன். எல்லாம் தெரிந்தவன் அல்லவா!

மனைவி அன்று புளியங்குடியில், அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள், நேரே போய்ப் புறவாசல் கதவைத் திறந்தாள். ஆடுகள் நின்றன. மூலையில் நின்ற பிச்சிக்கொடியைக் காணோம். முழங்கால் உயரத்துக்கு நாலு குச்சி மட்டும் மிச்சம்.

அது அவள் அம்மா நட்ட கொடி. எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது தன் கையால் ஊன்றிவிட்டுப் போனார். போன ஐப்பசியில் அவர் காலமாகிவிட்டார்.

"எங்கம்மை வச்சது... இது ஒண்ணுதான இருந்துச்சு" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெண்டைக்காய் நினைப்பில் அந்தக் கொடியை எப்படி மறந்தேன்? நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மந்தையை ஓட்டிப்போக வந்து நின்ற சுடலைமுத்துதான் முதலில் அசைந்தார். கடிபட்ட நுனிகளைக் கத்தியால் சீவி, சாணியை அப்பினார்.

"அழாத தாயி. தையிலயே இதைக் கவாத்து பண்ணியிருக்கணும். ஒங்க வீட்டுல யாரும் வெட்டலை, ஆடு வெட்டிட்டு. வேரு கெடக்குல்லா? தெனம் ரெண்டு குடம் ஊத்து, துளுத்துரும்."

நான் கிடை மண்ணில் வெண்டை விதைத்தேன்; அவள் கொடிக்கு ஊற்றினாள். கிணறு வற்றிய மாதத்திலும் பிச்சிக்கு இரண்டு குடம், நான் குளிக்க அரை வாளி. கேட்க எனக்கு வாய் உண்டா?

அப்படி வந்த ஏழு பூ. அஞ்சை அம்மா படத்துக்கு வைத்தாள். தெருவில் மந்தையோடு போன சுடலைமுத்துவை ஓடிப்போய் நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, பூத்துட்டு! இந்த ரெண்டையும் மதினிக்குக் கொண்டு குடுங்க."

கூட நின்ற வெள்ளாட்டுக்கும் ஒரு வாளி கழுநீர் கிடைத்தது.

ஆட்டுக்காரருக்கு மன்னிப்பு, ஆட்டுக்கும் மன்னிப்பு. என் வெண்டைக்காய் மட்டும் செடியிலேயே முற்றிக்கொண்டிருக்கிறது — இன்னும் குழம்புக்கு வரவில்லை!